பலூன் பாட்டிலா, கைப்பேசியா? சேலத்தில் காற்றழுத்தம் அளக்க

கண்ணாடிப் பாட்டிலின் வாயில் பலூன் தோலை இழுத்துக் கட்டி, நடுவில் ஸ்ட்ரா ஒட்டினால் காற்றழுத்தமானி தயார். அழுத்தம் கூடினால் தோல் குழியும், ஸ்ட்ராவின் வெளிமுனை உயரும். தத்துவத்தைக் கண்ணால் பார்க்க இதைவிட நல்ல கருவி இல்லை.

அளவுக்கு மட்டும் இதை நம்பவேண்டாம். உள்ளே அடைபட்ட காற்று 3 டிகிரி சூடானாலே, வெளி அழுத்தம் 10 ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்தத்தின் அலகு) குறைந்ததுபோல் ஸ்ட்ரா இறங்கிவிடும். சேலத்தில் காலை 10 மணியிலிருந்து மாலை 4 மணிக்குள் அழுத்தம் உண்மையில் இறங்குவது சுமார் 4 ஹெக்டோபாஸ்கல்தான். ஏப்ரல் வெயிலில் பாட்டில் வெப்பமானியாகவே நடந்துகொள்ளும். தெர்மாகோல் பெட்டிக்குள் வைத்தால் இந்தக் கோளாறு ஓரளவு குறையும்.

தினசரி குறிப்பெடுக்கக் கைப்பேசியே சரி, அழுத்த உணரி உள்ள மாடலாக இருந்தால். சேலத்தில் ஏறத்தாழ 980 காட்டும். ஏற்காட்டில் 850. பார்த்தவுடன் புயல் என்று பதற வேண்டாம்; சுமார் 1500 மீட்டர் உயரத்தில் அது இயல்பு. செய்தியில் வரும் 1008 போன்ற எண்கள் கடல்மட்டத்துக்குத் திருத்தியவை. பலூன் பாட்டிலை மலைக்குக் கொண்டுபோனால் தோல் உப்பி ஸ்ட்ராவின் பசை விட்டுவிடும். மேலே போய்த் தோலைப் புதிதாகக் கட்டுங்கள்.