கண்ணாடிக்குள் விளம்பரத் திரை: கொழும்புக் கடைகளில் நீண்டகாலப் பாவனை

திரை வாங்க வருபவர்கள் முதலில் அங்குலத்தைத்தான் கேட்பார்கள். கடை எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதுதான் அதற்கு முந்திய கேள்வி. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டியில் காலி வீதியின் நிலப்பக்கக் கடைகளுக்கு வாசல் மேற்கே. பின்னேர வெயில் நேரே கண்ணாடியில் விழும். வீட்டு டிவியின் வெளிச்சம் 250 – 350 நிட்ஸ் (திரை வெளிச்சத்தை அளக்கும் அலகு). அங்கே வைத்தால் கறுப்புக் கண்ணாடிதான் தெரியும். கடைக்குள் சுவருக்கு 500 நிட்ஸ் தாராளம். வீதியைப் பார்க்க வைப்பதென்றால் 2500க்குக் குறைய வேண்டாம். அதற்குக் கரண்ட் பில் இரட்டிப்புக்கு மேல் போகும், அதையும் கணக்கில் எடுங்கள்.

வெளிச்சம் மட்டும் போதாது. வெயில் பட்டுப் பட்டு பெனல் சூடேறினால் அதற்குள் இருந்து படம் காட்டும் திரவப் படிகம் தன் ஒழுங்கை இழந்து நடுவில் கறுப்புத் திட்டு விழும். ஆறினால் மறையும், அடிக்கடி நடந்தால் பெனல் கெடும். சாதாரண பெனல் 70 – 80 பாகை செல்சியஸில் இப்படியாகும், உயர்வெப்ப பெனல் 110 வரை தாங்கும். விவரத்தாளில் இதைத் தேடிப் பாருங்கள். கண்ணாடிக்கும் திரைக்கும் இடையில் காற்றோட்டம் விடுங்கள். அலங்காரப் பெட்டி அடித்து மூடினால் எந்தத் திரையும் நிற்காது. கடற்கரைப் பக்கம் உப்புக்காற்று வேறு. விசிறித் துளைகளில் ஈரத்தூசி அப்பும், மாதம் ஒருமுறை துடைக்க வேண்டும்.

திரையை நெடுக்காக நிறுத்தி மாட்டுவதாக இருந்தால் அதற்கு அனுமதியுள்ள மொடல்தானா என்று பாருங்கள். வீட்டு டிவியை நெடுக்காக மாட்டினால் சூடு வேறு வழியில் ஏறும், உத்தரவாதமும் போகலாம். நாள் முழுதும் ஓடுவதற்கு 16/7 அல்லது 24/7 (வாரம் ஏழு நாளும் தினம் 16 அல்லது 24 மணித்தியாலம்) என்று குறித்ததே வேண்டும். செட்டியார் தெரு நகைக்கடைகளில் பவுண் விலை ஒரே இடத்தில் நிற்பதால் இலக்கத்தின் நிழல் படிந்துவிடும். விலைக்கட்டத்தை மணிக்கொரு தரம் இடம் மாற்றி, இரவில் திரையை அணைத்தால் படிவது குறையும்.

பலர் கவனிக்காதது தமிழ் எழுத்து. திரைக்கு விளம்பரத்தை அனுப்பும் சில பிளேயர்களில் 'கொழும்பு' என்று அடித்தால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். சிங்கள 'ஸ்ரீ'யும் உடையும். எழுத்துருவைத் தரவேற்றினாலும் திருந்தாது, ஏனென்றால் எழுத்துகளைக் கோக்கும் மென்பொருளே அதில் இல்லை. பணம் கட்டுமுன் இரண்டு மொழியிலும் ஒரு வரி ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஏற்கெனவே வாங்கியவர்கள் எழுத்தைக் கணினியிலேயே படமாகச் செய்து (நெடுக்காக மாட்டிய திரைக்கு 1080 × 1920) ஏற்றலாம்.

கரண்ட் போய் வந்ததும் திரை தானாக எழும்ப வேண்டும்; வணிகத் திரைகளின் மெனுவில் அதற்கான அமைப்பு உண்டு, பிளேயருக்கும் அது இருக்க வேண்டும். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடிமின்னல் அதிகம். மின்னழுத்தக் காப்பு பிளக்குக்கு மட்டுமல்ல, வெளியிலிருந்து வரும் நெட்வேர்க் வயருக்கும் போடுங்கள். எர்த் சரியில்லாத இடத்தில் அந்தக் காப்பு வேலை செய்யாது. மாட்டுவதற்கு முன் மின்னியலாளரை அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.