எலிவேட்டர்ஸ்: முதல் ஆல்பமா, ஈஸ்டரா?

கையில் இருந்த காசுக்கு ஒரே ஒரு எல்பி இசைத்தட்டு தான் வாங்க முடியும். அறுபதுகளின் அமெரிக்க ராக் குழுவான தேர்ட்டீன்த் ஃப்ளோர் எலிவேட்டர்ஸ் தான் வேண்டும் என்பதில் குழப்பம் இல்லை. 1966-இல் வந்த முதல் ஆல்பமா, அடுத்த வருடம் வந்த 'ஈஸ்டர் எவ்ரிவேர்' ஆல்பமா என்பதில்தான் இரண்டு வாரம் இழுத்தது. முதல் ஆல்பத்தின் முழுப் பெயர் 'தி சைக்கெடெலிக் சவுண்ட்ஸ் ஆஃப் தி தேர்ட்டீன்த் ஃப்ளோர் எலிவேட்டர்ஸ்'. ஒவ்வொரு முறையும் அதை எழுதினால் கட்டுரை அதிலேயே முடிந்துவிடும், அதனால் இனி 'சவுண்ட்ஸ்'. கடைசியில் ஈஸ்டரை வாங்கினேன். நான் எந்தப் பக்கம் சாய்கிறேன் என்பதை மறைக்கப் போவதில்லை.

இவர்களுக்கு இன்னும் இரண்டு ஆல்பங்கள் உண்டே என்பவர்களுக்கு: 1968-இல் வந்த 'லைவ்' மேடையில் பதிவானதே அல்ல. ஸ்டுடியோவில் மிச்சம் கிடந்த பதிவுகளின் மேல் கூட்டத்தின் கைதட்டலை ஒட்டி விற்றார்கள். 1969-இல் வந்த 'புல் ஆஃப் தி வுட்ஸ்' பெரும்பாலும் கிடார்காரர் ஸ்டேசி சதர்லாண்டின் கைவண்ணம். நல்ல ஆல்பம்தான், ஆனால் பாடகர் ராக்கி எரிக்சன் அதில் ஏறக்குறைய விருந்தாளி. ஆக, போட்டி முதல் இரண்டுக்கும்தான்.

குழு 1965-இன் கடைசியில் டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டினில் சேர்ந்தது. அப்போது அமெரிக்கா முழுக்க ஊருக்கு ஊர் பையன்கள் கார் ஷெட்டில் கிடாரின் மூன்றே சுரக்கூட்டுகளை வைத்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தார்கள். கராஜ் ராக் என்ற பெயரே அதனால் வந்ததுதான். எலிவேட்டர்ஸும் அங்கிருந்து வந்தவர்கள்தான். அதற்கு ஒரே சாட்சி போதும்: 'யூ ஆர் கானா மிஸ் மீ'. ராக்கி தன் முந்தைய குழுவான ஸ்பேட்ஸுடன் ஒருமுறை பதிவு செய்த பாட்டு அது. எலிவேட்டர்ஸ் மறுபடி பதிவு செய்து 1966-இல் வெளியிட்டபோது அமெரிக்காவின் பில்போர்டு பாடல் தரவரிசையில் 55-ஆம் இடம் வரை ஏறியது. இப்படிப்பட்ட அறுபதுகளின் பாட்டுகளைத் திரட்டி 1972-இல் வந்த 'நக்கெட்ஸ்' தொகுப்பில்தான் நான் முதலில் கேட்டேன், பலரும் அப்படித்தான். தொண்டை கிழிவது போன்ற அந்த முதல் அலறலைக் கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள். அந்தப் பாட்டு 'சவுண்ட்ஸ்' ஆல்பத்தில் முதலாவதாக இருக்கிறது. அந்த ஆல்பத்தின் பெரிய பலமும் அதுதான், சின்னத் தொந்தரவும் அதுதான். உச்சத்தை முதலிலேயே காட்டிவிட்டு மிச்சம் பத்துப் பாட்டையும் அதோடு மல்லுக்கட்ட விடுகிறது.

மிச்சம் மோசமில்லை. 'ரோலர் கோஸ்டர்', 'ரிவர்பரேஷன்' இரண்டும் கராஜ் ராக் எப்படிப் பித்துப் பிடித்த இசையாக மாறுகிறது என்பதை நம் காது முன்னாலேயே நடத்திக் காட்டுகின்றன. 'ஃபயர் எஞ்சின்' பாட்டில் தீயணைப்பு வண்டியின் சைரனை வாயாலேயே ஊளையிட்டுக் கொண்டுவருகிறார்கள். போதை மருந்து தரும் மனமயக்கத்தைக் குறிக்கும் 'சைக்கெடெலிக்' என்ற சொல்லைத் தலைப்பில் வைத்து வந்த முதல் சில ஆல்பங்களில் இது ஒன்று. பின்னட்டையில் குழுவைச் சேர்ந்த டாமி ஹால் எழுதிய தத்துவ விளக்கம் வேறு. ரசாயனத்தால் மனதை மாற்றிக்கொள்வது பற்றி அவ்வளவு வெளிப்படையாக எழுதிவிட்டு அவர்கள் டெக்சாஸில் எப்படி நடமாடினார்கள் என்பது ஆச்சரியம்தான். நிம்மதியாக நடமாடவில்லை, போலீஸ் பின்னாலேயே இருந்தது. 1969-இல் கஞ்சா வழக்கில் மாட்டிய ராக்கி, சிறையைத் தவிர்க்க மனநிலை சரியில்லை என்று வாதாடப்போய், ரஸ்க் மனநல மருத்துவமனையில் 1972 வரை கிடந்தார்.

சரி, என் முடிவைத் தீர்மானித்தது ஒரே ஒரு விஷயம்: ஜாடி.

டாமி ஹால் பாட்டும் எழுதினார், குழுவுக்குக் கொள்கையும் வகுத்தார், மேடையில் அவர் வாசித்ததோ ஒரு ஜாடி. 'எலெக்ட்ரிக் ஜக்' என்று பெயர். கடம் மாதிரி தட்டி வாசிப்பார் என்று நினைத்துவிடாதீர்கள். பழைய அமெரிக்க நாட்டுப்புறக் குழுக்களில் ஜாடிக்குள் ஊதித் தாழ்ந்த ஒலி எழுப்புவார்கள், இவர் செய்தது அதுவும் அல்ல. வாயருகே ஜாடியையும் மைக்கையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, தொண்டையாலேயே படபடவென்று ஒலி எழுப்பி, அதை ஜாடிக்குள் முழங்க விட்டார். வெளியே வருவது ஏறக்குறைய புறா குனுகும் சத்தம். பாட்டு வேகமெடுத்தால் புறாவுக்கும் வேகமெடுக்கும்.

'சவுண்ட்ஸ்' ஆல்பத்தில் இந்தப் புறா ஓய்வதே இல்லை. குரலும் கிடாரும் இருக்கும் அதே உயரத்தில், அவற்றுக்கு நடுவிலேயே, பாட்டுக்குப் பாட்டு. முதல் முறை கேட்கும்போது இதுபோல வேறு எங்கும் கேட்டதில்லை என்று தோன்றும், அது உண்மையும்கூட. பத்தாவது முறை? என் அனுபவத்தைச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் அதை ஓடவிட்டிருந்தேன். அடுக்களையிலிருந்து அம்மா எட்டிப் பார்த்து, "ஸ்பீக்கர் போச்சாடா?" என்று கேட்டார். அதற்குப் பிறகு எனக்கு ஜாடியைத் தவிர வேறு எதுவும் கேட்கவில்லை. சதர்லாண்ட் என்ன வாசிக்கிறார் என்று பிடிக்கப் போனால், குறுக்கே புறா.

எல்பி என்பது அடிக்கடி எடுத்து, தூசி துடைத்து, உட்கார்ந்து கேட்க வாங்குவது. திரும்பத் திரும்பக் கேட்டால் தாங்குமா என்பதுதான் கேள்வி. ஈஸ்டரிலும் ஜாடி இருக்கிறது, ஆனால் அதைப் பின்வரிசையில் உட்கார வைத்திருக்கிறார்கள். அது விலகிய இடத்தில் சதர்லாண்டின் எதிரொலி ததும்பும் கிடார் வந்து நிற்கிறது. டிரம்ஸுக்கு டேனி தாமஸ், பேஸுக்கு டேனி கலிண்டோ என்று புது ஆட்கள். அவர்கள் வந்தபின் தாளத்தில் பழைய இடி குறைந்து ஓர் உருளல் கூடியிருக்கிறது.

முதல் பாட்டான 'ஸ்லிப் இன்சைட் திஸ் ஹவுஸ்' எட்டு நிமிடம். கிடாரின் ஒரே வளையம் சுற்றிச் சுற்றி வர, ராக்கி அலறாமல், மந்திரம் சொல்பவரைப் போல ஹாலின் நீண்ட வரிகளைப் பாடிக்கொண்டே போகிறார். கீழை மதங்கள், மேலை மதங்கள் எல்லாம் அதில் கலந்து கிடக்கின்றன. எல்லாம் புரிந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். புரியாத வரி ஒவ்வொரு முறையும் மிச்சம் இருப்பதுதான் என்னைத் திரும்ப ஊசி வைக்கச் சொல்கிறது. 'நோபடி டு லவ்' சதர்லாண்டே எழுதிப் பாடியது. பாப் டிலனின் 'இட்ஸ் ஆல் ஓவர் நவ், பேபி ப்ளூ' பாட்டை இவர்கள் பாடியிருக்கும் நிதானத்தில் ராக்கியின் குரலில் எவ்வளவு கனிவு இருந்தது என்பது தெரிகிறது. 'ஐ ஹேட் டு டெல் யூ' கிடாரும் ஹார்மோனிகாவும் டாமியின் மனைவி கிளெமென்டைன் ஹாலின் துணைக்குரலுமாக வரும் சின்னப் பாட்டு. ஒரு வருடத்துக்கு முன் கத்திக்கொண்டிருந்த அதே ஆள்தானா இது என்று தோன்றும். 'லெவிடேஷன்' மட்டும் பழைய வேகத்தில் ஓடுகிறது, கராஜ் வாசம் இன்னும் போகவில்லை என்று சொல்லிக்கொண்டு.

ஈஸ்டரின் குறை என்றால் ஒலிப்பதிவு மங்கல். திரைக்குப் பின்னால் வாசிக்கிறார்களோ என்று சில இடங்களில் நினைக்க வைக்கும். என் நண்பருக்கு அதுவே பெரிய குறை, அவர் 'சவுண்ட்ஸ்' கட்சி. நம்மிடம் இருப்பது மறுபதிப்பு. அறுபதுகளின் அசல் அச்சைக் கையால் தொட்டதுகூட இல்லை, அதனால் மங்கல் மூலத்திலேயே உள்ளதா, மறுபதிப்பில் வந்ததா என்று தீர்ப்புச் சொல்ல நான் ஆள் இல்லை.

மோனோவா (எல்லா ஒலியும் ஒரே தடத்தில்), ஸ்டீரியோவா (இடம் வலம் எனப் பிரிந்து) என்று கேட்பவர்களுக்கு: 'சவுண்ட்ஸ்' என்றால் யோசிக்காமல் மோனோ. எல்லாம் ஒரே கட்டியாக வந்து மோதும், அந்த ஆல்பத்துக்கு அந்த மோதல் வேண்டும். அதன் ஸ்டீரியோவை இணையத்தில் மட்டும் கேட்டிருக்கிறேன், எனக்கு மெலிவாகப் பட்டது. ஈஸ்டருக்கு ஸ்டீரியோவே போதும். மலிவாகக் கிடைக்கிறதே என்று பெயர் தெரியாத மறுபதிப்புகளில் கைவைக்காதீர்கள். முன்பு அப்படி ஒரு 'சவுண்ட்ஸ்' வாங்கி, வளைந்த தட்டும் எம்பி3-யிலிருந்து எடுத்தது போன்ற ஒலியுமாக, திருப்பிக் கொடுக்கவும் முடியாமல் விழித்தேன். இரண்டு ஆல்பமும் வேண்டும், தட்டே வேண்டும் என்ற பிடிவாதம் இல்லை என்றால், 2009-இல் வந்த பத்து சிடி பெட்டி 'சைன் ஆஃப் தி த்ரீ ஐட் மென்' இருக்கிறது. கிடைத்தால் விடாதீர்கள், விலையைப் பார்த்து என்னைத் திட்டவும் வேண்டாம்.

'யூ ஆர் கானா மிஸ் மீ' என் போனில் இருக்கிறது. பஸ்ஸில் ஹெட்ஃபோனில் கேட்க இரண்டரை நிமிடம் போதும், புறாவும் அதற்குள் அடங்கிவிடும்.