கொலிக்கோ பேக்மேன் மேஜை ஆர்கேட்: வாங்கும் முன் டியூபைப் பாருங்கள்

காசு போட்டு ஆடும் ஆள் உயர ஆர்கேட் வீடியோ கேம் மெஷினை மேஜைமேல் வைக்கிற அளவுக்குச் சுருக்கிய வரிசையில், 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கொலிக்கோ நிறுவனம் விட்டவைதான் பார்வைக்கு முதலிடம். நெற்றியில் பெயர்ப்பலகை, சாய்ந்த திரை, முன்னால் நீட்டிய பலகையில் ஜாய்ஸ்டிக், பக்கத்தில் ஸ்டிக்கர் என்று எதையும் விடவில்லை. அதில் பேக்மேன் விளையாட்டின் மஞ்சள் பெட்டி அணைந்து கிடந்தாலே அலமாரிக்கு அழகுதான்.

திரை விஎஃப்டி வகை, அதாவது காற்று நீக்கிய கண்ணாடிக் குழலுக்குள் உருவங்கள் தாமே ஒளிரும் திரை. எந்த உருவம் எங்கே எரியும் என்பது கண்ணாடிக் குழலுக்குள் முன்கூட்டியே வார்க்கப்பட்டிருக்கிறது. அதனால் பேக்மேன் வழுக்கி ஓடுவதில்லை. ஓர் இடத்தில் அணைந்து அடுத்த இடத்தில் எரிகிறார். ஒளி தானாகவே வருவதால் அறையை இருட்டாக்கினால் பிரமாதம். 1983-இல் வந்த நின்டெண்டோவின் கலர் மேஜை மாடல் இதற்கு நேரெதிர்: மேலிருந்து விழும் வெளிச்சத்தை நம்பிய எல்சிடி, பகல் போய்விட்டால் விளக்கடியில் உட்கார வேண்டும்.

இந்தக் குழலுக்கு மாற்று கடையில் கிடைக்காது. கழன்ற ஸ்டிக்கரை அச்சடித்து ஒட்டிக்கொள்ளலாம், குழல் போனால் இன்னொரு மெஷினைத்தான் அறுக்க வேண்டும். எனவே விற்பவரிடம் எரிகிற நிலையில், இருட்டில் எடுத்த படம் கேளுங்கள். சில உருவங்கள் மட்டும் மங்கினால் குழலுக்குள் ஒளிரும் பூச்சான பாஸ்பர் தேய்ந்திருக்கிறது, ஒன்றும் செய்வதற்கில்லை. எல்லாமே மங்கினால் பேட்டரியோ கெப்பாசிட்டரோ காரணமாக இருக்கலாம், பிழைத்துக்கொள்ளும். பிரித்த படம் கிடைத்தால் குழலின் உள்பக்கத்தில் உள்ள வெள்ளிப் பூச்சைக் கவனியுங்கள். அது பால்போல வெளுத்திருந்தால் காற்று புகுந்துவிட்டது. விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம்.

அடுத்தது பேட்டரி அறை. சி அளவு பேட்டரி நான்கு, மொத்தம் 6 வோல்ட். அல்கலைன் பேட்டரியிலிருந்து கசிந்த ரசாயனம் ஸ்பிரிங்கோடு நிற்காது, வயரின் உறைக்குள் ஏறி செம்பைக் கறுப்பாக்கிவிடும். ஸ்பிரிங்கை வினிகரில் தேய்த்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து உலர விடுங்கள். கறுத்த வயரில் ஈயம் ஒட்டாது; வெட்டிப் புதுசு போடுவதே சரி. ஆன்-ஆஃப் ஸ்விட்ச் முரண்டு பிடித்தால் கான்டாக்ட் கிளீனர் அடித்து இருபது தடவை தள்ளி இழுத்தால் போதும்.

அமெரிக்க அடாப்டர் கூடவே வந்தால் நம் ஊர் 230 வோல்ட்டில் சொருகிவிடாதீர்கள், அது 120-க்கானது. வேறு 6 வோல்ட் அடாப்டர் போடுவதானால் பிளஸ், மைனஸ் எந்தப் பக்கம் என்று பார்த்துப் போடுங்கள். மூடும்போது ஸ்க்ரூவை முறுக்கித் தள்ளினால் உள்ளே இருக்கும் பழைய பிளாஸ்டிக் தூண் பிளந்துவிடும்.

பேட்டரி மூடி இல்லாத பீஸுக்கு முழு விலை கொடுக்காதீர்கள். அட்டைப்பெட்டியும் தெர்மோகோலும் இருந்தால் கூடுதலாகக் கேட்பார்கள், அது நியாயம்தான். இதே வரிசையில் வந்த சாக்ஸன் என்ற விளையாட்டின் பெட்டி மீது கண் வைத்திருப்பவர்கள் இன்னும் கறாராக இருக்க வேண்டும்: ஆழம் தெரிவதற்காக அதில் இரண்டு குழல்களும் இடையில் பாதி ஒளி ஊடுருவும் கண்ணாடியும் உண்டு. இரண்டும் எரிகிற வீடியோ இல்லாமல் முன்பணம் அனுப்ப வேண்டாம்.