நான்கு வருடம் கழித்து என் சின்ன மேசை

கட்டிலோரம் வைக்க ஒரு சின்ன மேசை. தச்சர் கையால் இழைத்து அறுத்த துண்டுகளை வாங்கி, கூட்டுவதையும் பாலிஷ் போடுவதையும் நானே செய்தேன். நான்கு வருடமாகத் தினமும் புழங்குகிறது. முடித்த வாரத்திலேயே இதை எழுதியிருந்தால் மேல்பலகையின் பளபளப்பைப் பற்றித்தான் எழுதியிருப்பேன். இப்போது அதிகம் சொல்லத் தோன்றுவது அடிப்பக்கத்தைப் பற்றி.

நான்கு கால், அவற்றை இணைக்கும் நான்கு சட்டம், மூன்று பலகையை ஒட்டிச் செய்த 40 செ.மீ. அகல மேல்பலகை. ஒவ்வொரு கழுந்திலும் (காலின் துளைக்குள் நுழையும் சட்டத்தின் முனை) அதற்குரிய துளையின் ஓரத்திலும் பென்சிலால் ஒரே எண் போட்டிருந்தது. கைவேலை என்பதால் ஒரு கழுந்து அதன் துளைக்கு மட்டும்தான் சரியாக உட்காரும். பசை போடாமல் ஒருமுறை எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தபோது ஒன்று பாதியிலேயே நின்றுவிட்டது. கொட்டாப்புளியை (மரச் சுத்தியலை) ஓங்கிய பிறகுதான் எண் மாறியிருப்பதைக் கவனித்தேன். அடித்திருந்தால் கால் பிளந்திருக்கும். எண் சரியாக இருந்தும் இறுக்கமாக இருந்தால், கழுந்தின் பக்கங்களை உப்புத்தாளால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்துப் பார்த்துப் போடுவது போதும்.

தேய்ப்பு வேலையைக் கூட்டுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். காலும் சட்டமும் சேரும் உள்மூலைக்குள் அப்புறம் கை போகாது. 120, 180, 220 என்ற எண்களுள்ள உப்புத்தாள்களால் (எண் கூடக்கூடத் தாள் நைசாகும்) அந்த வரிசையில், மரத்தின் ரேகை ஓடும் திசையிலேயே தேய்த்தேன். குறுக்கே இழுத்த கீறல் வெறும் மரத்தில் கண்ணில் படாது, எண்ணெய் பட்டதும் பளிச்சென்று தெரியும். அதனால் 180 முடிந்ததும் ஈரத்துணியால் துடைத்தேன். கீறல் இருந்தால் அப்போதே தெரிந்துவிடும், கூடவே மரத்தின் நாரும் எழுந்து நிற்கும். காய்ந்த பின் 220 போட்டு இழுத்தால் பரப்பு வழவழப்பாகிவிடுகிறது.

வெள்ளைப் பசை வேகமாக இறுகும். எட்டு பொருத்துகளையும் ஒரே மூச்சில் ஒட்டப் பார்த்தால் கடைசிப் பொருத்துக்கு வருவதற்குள் முதலாவது பிடித்துவிடும். இரண்டு கால், ஒரு சட்டம் என்று இரண்டு பக்கங்களை முதல் நாள் ஒட்டினேன். மறுநாள் அவற்றை மற்ற இரண்டு சட்டங்களால் சேர்த்தேன். கிளாம்ப் இறுக்கியதும் மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு பக்கமும் டேப் வைத்துப் பார்க்க வேண்டும், இரண்டு அளவும் ஒன்றாக இருந்தால்தான் மேசை கோணாமல் இருக்கிறது. ஒரு காலில் வழிந்த பசையை ஈரத்துணியால் துடைத்தேன். கரைந்த பசை மரத்தின் துளைகளில் இறங்கி, அந்த இடம் மட்டும் எண்ணெயைக் குடிக்கவில்லை. வெளிறிய அந்தத் திட்டு இன்றும் இருக்கிறது. அரைமணி நேரம் விட்டு, ரப்பர் பதத்தில் உளியால் சீவி எடுப்பதே நல்ல வழி. மற்ற பொருத்துகளில் அப்படித்தான் செய்தேன்.

சரி, அந்த அடிப்பக்கத்துக்கு வருகிறேன். மேல்பலகையைச் சட்டங்களோடு பிணைக்க நான்கு திருகாணிகள். ஆடாமல் இருக்கட்டும் என்று திருகாணி அளவுக்கே துளை போட்டு நன்றாக இறுக்கிவிட்டேன். மேசையை முடித்த ஏழாவது மாதம், காற்று நன்றாக வறண்டிருந்த நாட்களில், மேல்பலகையின் ஓரத்திலிருந்து ஒரு சாண் நீளத்துக்கு வெடிப்பு விட்டது. அன்று எனக்கு மனசே சரியில்லை. மரம் நீளவாக்கில் அநேகமாக மாறுவதே இல்லை. அகலவாக்கில்தான் ஈரக்காற்றில் உப்புகிறது, வறண்ட காற்றில் சுருங்குகிறது. 40 செ.மீ. அகலப் பலகையில் அது சில மில்லிமீட்டர் வரை போகும். நான்கு பக்கமும் கட்டிப்போட்டால் சுருங்க இடமில்லாமல் எங்காவது விட்டுத்தான் ஆக வேண்டும். எண்ணெய் பூசிவிட்டால் மரம் அசையாது என்று நினைத்திருந்தேன். சிந்திய தண்ணீரை எண்ணெய் கொஞ்ச நேரம் தாங்கும், காற்றின் ஈரத்தைத் தடுக்காது.

திருகாணிகளைக் கழற்றியதும் வெடிப்பு பெரும்பாலும் தானே மூடிக்கொண்டது. பசை இறக்கி, கிளாம்ப் போட்டு ஒரு நாள் விட்டேன். பிறகு சட்டங்களில் இருந்த துளைகளைப் பலகையின் ரேகைக்குக் குறுக்காக நீளத் துளைகளாக்கி, வாஷர் வைத்துப் பலகை நகரும் அளவுக்கு மட்டும் முடுக்கினேன். மூன்று வருடத்துக்கு மேல் ஆகிறது, புதிதாக வெடிப்பு இல்லை. துண்டுகளாக வாங்குகிறவர்கள் பணம் கொடுக்கும் முன் சட்டங்களைத் திருப்பி, இப்படி நீளத் துளைகள் இருக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள்.

பூச்சில் இரண்டு வகை வைத்தேன். மேல்பலகைக்குக் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய், கால்களுக்கு ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு. எண்ணெயை மெல்லிசாகப் பூசி, கால் மணி நேரம் கழித்து மிச்சத்தைச் சுத்தமாகத் துடைத்துவிட வேண்டும், துடைக்காத எண்ணெய் பிசுபிசுப்பாகவே நின்றுவிடும். ஒரு நாள் இடைவெளி விட்டு மூன்று கை பூசினேன். துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடவே போடாதீர்கள். இந்த எண்ணெய் காயும்போது சூடு உண்டாகும், சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு சேர்ந்து தானாகவே தீப்பிடிக்கும். வெளியே தனித்தனியாக விரித்துக் காயவைத்த பிறகுதான் நான் எறிகிறேன்.

அரக்கு உடனே காய்ந்துவிடுவதால் ஒரே நாளில் நான்கு கை போட முடிந்தது. கால்கள் இன்றும் கண்ணாடி மாதிரி இருக்கின்றன, தரை துடைக்கும் ஈரம் படும் அடிப்பகுதியில் மட்டும் வெளுத்துப்போனது. அதற்கு மேல் புது அரக்கு ஒரு கை பூசினேன். பழைய பூச்சைக் கொஞ்சம் கரைத்து அதனோடு ஒன்றிப்போனதால் எல்லை தெரியவில்லை. மேல்பலகையில் சூடான கோப்பை வைத்து வந்த வட்டத்தை 320 தாளால் லேசாகத் தேய்த்து, எண்ணெய் விட்டுச் சரிசெய்தேன். வார்னிஷ் கடினமானதுதான். ஆனால் கீறல் விழுந்தால் அந்த இடத்தை மட்டும் சுவடு தெரியாமல் சரிசெய்வது சிரமம் என்பதால், தினம் புழங்கும் மேசைக்கு நான் மறுபடியும் எண்ணெயைத்தான் எடுப்பேன்.

வருடத்துக்கு ஒருமுறை எண்ணெய் போட இருபது நிமிடம் ஆகிறது. போன மாதம் போடும்போது மேசைமேல் இருந்த விளக்கைத் தூக்கினேன், வெளிச்சம் படாத அதன் அடியில் புதிதில் இருந்த வெளிர் நிறம் வட்டமாக அப்படியே இருந்தது. சுற்றிலும் பலகை நன்றாகச் சிவந்திருக்கிறது. விளக்கை அடுத்த மூலைக்கு மாற்றி வைத்திருக்கிறேன்.