வீட்டு டென்ஸ் கருவி: இடுப்பு வலிக்கும் சிறுநீர்ப்பைக்கும் ஒன்றே போதுமா?

நாள்பட்ட இடுப்பு (கீழ்முதுகு) வலியும், அடக்க முடியாத அவசரத்தோடு அடிக்கடி சிறுநீர் கழிக்கத் தூண்டும் தொல்லையும் எனக்குச் சேர்ந்தே இருப்பதால், இரண்டுக்கும் பலன் தரும் என்று அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருந்த டென்ஸ் கருவி ஒன்றை வாங்கிச் சில மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். தோலின் மேல் ஒட்டும் பட்டைகள் வழியே மெல்லிய மின்துடிப்புகளைச் செலுத்தி நரம்புகளைத் தூண்டுவதே இதன் வேலை. தொடு உணர்வைக் கடத்தும் நரம்புகளைத் தூண்டினால் தண்டுவடத்திலேயே வலிச் செய்தி தடுக்கப்படும் என்று மெல்சாக், வால் என்னும் ஆய்வாளர்கள் 1965இல் முன்வைத்த கோட்பாடே இதற்கு அடிப்படை.

இடுப்பில் ஒட்டி இயக்கும்போது வலி மழுங்குகிறது; நிறுத்திய சற்று நேரத்தில் திரும்பிவிடுகிறது. ஆய்வுகளும் இதற்கு மேல் பெரிய நம்பிக்கை தரவில்லை. 1990இல் அமெரிக்காவில் டேயோ குழுவினர் நாள்பட்ட கீழ்முதுகு வலியுள்ள 145 பேரிடம் நடத்திய ஆய்வில், மின்சாரமே பாயாத போலிக் கருவியைவிட உண்மையான கருவி மேலானதாக இல்லை. உடற்பயிற்சி செய்தவர்களுக்கு வலி குறைந்தது. ஆனால் இரண்டு மாதங்களில் பெரும்பாலோர் பயிற்சியைக் கைவிட, கிடைத்த முன்னேற்றமும் மறைந்தது. சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2016இல் வெளியிட்ட வழிகாட்டுதல், கீழ்முதுகு வலிக்கு டென்ஸ் சிகிச்சையை அளிக்க வேண்டாம் என்றே கூறுகிறது.

சிறுநீர்ப்பையின் கதை வேறு. கணுக்காலின் உட்புறம் ஓடும் நரம்பின் வேர்களில் சில, சிறுநீர்ப்பையை ஆளும் நரம்புகள் புறப்படும் அதே தண்டுவடப் பகுதியிலிருந்து வருவதால், அங்கே தூண்டிச் சிறுநீர்ப்பையின் மிகைச் செயலைத் தணிக்க முடிகிறது. 2010இல் வெளியான ஆய்வொன்றில், 220 பேருக்கு வாரம் ஒருமுறை, 12 வாரங்கள் சிகிச்சை அளித்தபோது, உண்மைச் சிகிச்சை பெற்றவர்களில் 54.5 விழுக்காட்டினரும் போலிச் சிகிச்சை பெற்றவர்களில் 20.9 விழுக்காட்டினரும் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் கண்டதாகத் தெரிவித்தனர். ஆனால் அது மெல்லிய ஊசியைச் செலுத்தி மருத்துவமனையில் செய்யப்பட்ட சிகிச்சை. அந்த ஆய்வின் போலிச் சிகிச்சையிலேயே, மின்னுணர்வு இருப்பதுபோல் தோன்ற வேண்டும் என்பதற்காகப் பாதத்தில் டென்ஸ் பட்டைகளைத்தான் ஒட்டினார்கள். எனவே ஊசி தந்த பலனைக் கருவி நிறுவனம் தன் பட்டைக்கும் உரியதாக விளம்பரப்படுத்துவது நோயாளியிடம் காட்டும் நேர்மையாகாது. இயன்முறை மருத்துவர் காட்டிய இடத்தில், கணுக்காலருகே ஒட்டிப் பார்த்ததில் எனக்கு அவசர உணர்வு ஓரளவு தணிந்தது உண்மையே. அது கருவியால்தானா என்று என்னால் உறுதி கூற இயலாது.

கருவியின் பெருங்குறை, துடிப்பின் வேகத்தையும் அகலத்தையும் எண்ணில் காட்டாமல் முறை ஒன்று, முறை இரண்டு என்று மட்டுமே காட்டுவது. கணுக்கால் சிகிச்சைக்கு வழக்கமாகக் கையாளப்படும் 20 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 20 துடிப்பு) வேகத்தை அதில் அறிந்து அமைக்கவே முடியவில்லை. பட்டைகளின் பசையும் விரைவில் போய்விடுகிறது; மாற்றுப் பட்டை தனியாகக் கிடைக்குமா என்று கேட்டுவிட்டு வாங்குவது நல்லது.

இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடக்கூடாது. அதைவிட முக்கியமான ஒன்று பெட்டியில் எங்குமே இல்லை. இடுப்பு வலியோடு திடீரெனச் சிறுநீர் கழிக்க முடியாமல் போனாலோ, கட்டுப்பாடின்றி வெளியேறினாலோ, தொடை இடுக்கும் ஆசனவாயைச் சுற்றிய பகுதியும் மரத்துப்போனாலோ, தண்டுவடத்தின் அடியிலுள்ள நரம்புக் கற்றை நசுங்கியிருக்கக்கூடும். அப்போது எந்தக் கருவியையும் ஒட்டிப் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். காய்ச்சலோடு விலாவின் பின்புறம் வலித்தால் சிறுநீரகத் தொற்றா என்றும் பார்க்க வேண்டும்.

இடுப்பு வலிக்காக மட்டும் இதை வாங்க நினைப்பவர்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். அந்தப் பணத்தை உடற்பயிற்சி கற்றுத்தரும் இயன்முறை மருத்துவரிடம் செலவிடலாம். சிறுநீர்ப்பைத் தொல்லைக்காக முயல விரும்புவோர், முதலில் சிறுநீரகவியல் மருத்துவரிடம் காட்டித் தொற்று இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, வேகத்தை எண்ணில் அமைக்கக்கூடிய கருவியாகப் பார்த்து வாங்கலாம்.