இம்ஜ்பர்ன்: ரைட்டர் ஏன் அடம்பிடிக்கிறது என்று சொல்லிவிடும் மென்பொருள்

டிவிடி ரைட் ஆகவில்லை, பாதியில் நின்றுவிட்டது என்று யார் கேட்டாலும் முதலில் இம்ஜ்பர்னைப் போட்டுப் பாருங்கள் என்றுதான் சொல்வேன். சிடி, டிவிடி தட்டுகளில் எழுத உதவும், விண்டோஸுக்கான இலவச மென்பொருள் அது. கடைசிப் பதிப்பான 2.5.8.0 வந்தது 2013-இல். அதன்பிறகு புதுப்பிப்பே கிடையாது, முகப்பும் அந்தக் காலத்து முகப்புதான். இருந்தாலும் இன்றைய விண்டோஸிலும் சிக்கலின்றி ஓடுகிறது.

எங்கள் வீட்டில் பாட்டுப் பதிவுகளும் குடும்ப வீடியோக்களும் இன்னும் தட்டில்தான் இருக்கின்றன. அப்பாவுக்கு டிவிடி பிளேயரில் போட்டுப் பார்த்தால்தான் பார்த்த மாதிரி இருக்கும். அதனால் இந்த வேலை எனக்கு ஓயவே இல்லை. விண்டோஸின் சொந்த வசதியில் எழுதும்போது தோற்றுப்போனால், எழுத முடியவில்லை என்று பொதுவாக ஒரு செய்தி வரும், அவ்வளவுதான். தட்டு கெட்டதா, தட்டில் எழுதும் கருவியான ரைட்டர் கெட்டதா, கேபிளா, தெரியாது. இம்ஜ்பர்ன் ஒவ்வொரு அடியையும் மணி நிமிடத்தோடு லாக் சாளரத்தில் எழுதிக்கொண்டே வரும். எந்த இடத்தில் நின்றது, ரைட்டர் என்ன பதில் சொன்னது என்பதெல்லாம் அதில் இருக்கும்.

நான் அடிக்கடி பார்ப்பது 'பவர் காலிப்ரேஷன் ஏரியா எரர்'. எழுதத் தொடங்கும் முன் தட்டின் உள்விளிம்பருகே உள்ள ஒரு சிறு பகுதியில் லேசர் தன் சக்தியைச் சோதித்துப் பார்க்கும். குழம்பில் உப்பு பார்ப்பது போல. எவ்வளவு சக்தி வேண்டும் என்று முடிவுசெய்ய முடியாவிட்டால் இந்தப் பிழை வரும். தட்டின் சாயப்பூச்சு மட்டமாக இருக்கலாம், லென்ஸில் தூசி இருக்கலாம், லேசரே தளர்ந்திருக்கலாம். வேறு தயாரிப்புத் தட்டு ஒன்றைப் போட்டுப் பாருங்கள். அது எழுதினால் குற்றம் முதல் தட்டின் மேல். எதைப் போட்டாலும் அதே பிழை வந்தால் சிடி ஒன்றையும் முயன்று பாருங்கள். சிடிக்கு 780 நானோமீட்டர், டிவிடிக்கு 650 நானோமீட்டர் என்று லேசர் வேறு வேறு. சிடி நன்றாக எழுதி டிவிடி மட்டும் தோற்கிறது என்றால் அந்த ஒரு லேசர் போய்விட்டது என்று பெரும்பாலும் முடிவுகட்டலாம். அப்புறம் ரைட்டரை மாற்ற வேண்டியதுதான், தட்டுகளை வீணாக்க வேண்டாம்.

'செமஃபோர் டைம்அவுட்', அதாவது ரைட்டரிடமிருந்து உரிய நேரத்தில் பதில் வரவில்லை என்று வந்தால் தட்டைச் சந்தேகிக்கும் முன் கேபிளைப் பாருங்கள். யூஎஸ்பி ரைட்டர்களை ஹப்பில் (ஒரு போர்ட்டைப் பலவாகப் பிரித்துத் தரும் பெட்டி) செருகினால் மின்சாரம் போதாமல் திணறும். யூஎஸ்பி 2.0 போர்ட் ஒன்று தருவது 500 மில்லிஆம்பியர்தான், எழுதும் நேரத்தில் லேசரும் மோட்டாரும் அதற்குமேல் கேட்கலாம். கணினியிலேயே நேரடியாகச் செருகினால் பல நேரம் அங்கேயே தீர்ந்துவிடும்.

எனக்கு மிகப் பிடித்தது வலப்பக்கத் தகவல் பலகை. வெற்றுத் தட்டைப் போட்டதும் அதன் தயாரிப்புக் குறியீட்டையும், இந்த ரைட்டர் அதை எந்தெந்த வேகத்தில் எழுதும் என்பதையும் காட்டிவிடும். பெட்டியின் மேல் இருக்கும் பெயரை நம்பாதீர்கள், ஒரே பெயரில் வெவ்வேறு ஆலைகளின் தட்டுகள் வருவதுண்டு. எம்சிசி என்று தொடங்கினால் மிட்சுபிஷி கெமிக்கலின் குறியீடு. ஒரு குறியீடு உங்கள் ரைட்டருக்கு ஒத்துப்போனால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியில் 16எக்ஸ் வேகம் என்று போட்டிருந்தாலும் நான் 8எக்ஸ் தாண்டுவதில்லை. அதற்காக 1எக்ஸுக்கு இறங்கவும் வேண்டாம். வேகமான எழுத்துக்கென்று செய்த தட்டு மிக மெதுவாக எழுதினால் நன்றாக வரும் என்ற உறுதி இல்லை.

எழுதி முடித்ததும் சரிபார்க்கும் 'வெரிஃபை' டிக்கை எந்த அவசரத்திலும் எடுக்காதீர்கள். தட்டு உள்ளிருந்து வெளிப்பக்கமாக எழுதப்படுகிறது, மட்டமான தட்டுகள் வெளிவிளிம்பில்தான் காலை வாரும். கடைசிப் பாட்டு மட்டும் திக்குகிறதா? காரணம் பெரும்பாலும் அதுதான். அதனால் முக்கியமான பதிவென்றால் தட்டை முழுக்க நிரப்பாமல் கொஞ்சம் இடம் விடுவேன். டிவிடியின் கொள்ளளவாகச் சொல்லும் 4.7 ஜிபி என்பது விண்டோஸ் கணக்கில் ஏறக்குறைய 4.38தான் என்பதையும் நினைவில் வையுங்கள். சரிபார்க்கும் முன் தட்டு ஒருமுறை வெளியே வந்து உள்ளே போகும். லேப்டாப் ரைட்டரில் அது தானாக உள்ளே போகாது, நீங்கள்தான் தள்ளிவிட வேண்டும். திரை நின்றுவிட்டதே என்று பயந்து கணினியை அணைத்துவிடாதீர்கள்.

குறைகளும் உண்டு. ஆடியோ சிடி செய்ய முதலில் பாட்டுகளின் வரிசையைச் சொல்லும் கியூ கோப்பு ஒன்றை உருவாக்க வேண்டும், புதியவர்களுக்கு அது வீண் சுற்றுவழி. ஒரு தட்டை இன்னொன்றுக்கு நேரடியாகப் படியெடுக்கவும் முடியாது. முதலில் இமேஜாக (தட்டின் முழு நகலான கோப்பாக) படித்து, பிறகுதான் எழுத வேண்டும்.

நிறுவும்போது மட்டும் 'நெக்ஸ்ட்' பொத்தானை மடமடவென்று அழுத்தாதீர்கள். சம்பந்தமில்லாத மென்பொருளையும் சேர்த்து நிறுவச் சொல்லி இடையில் கேட்கலாம், அந்த டிக்கை எடுத்துவிட்டுத் தொடருங்கள்.