ஈரி ஏரியில் வால்ஐ: புழுவா, பிளாஸ்டிக் மீனா?

ஊருக்குப் போன் போட்டு "வால்ஐ பிடிக்கப் போறோம்" என்றால் அம்மா காதில் அது வாளை என்றுதான் விழுகிறது. இரண்டுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. வால்ஐ வட அமெரிக்க நன்னீர் மீன். வெள்ளைச் சதை, மங்கிய வெளிச்சத்திலும் இரை தேடும் பளிங்குக் கண். ஒஹாயோவில் போர்ட் கிளின்டன் என்ற ஊரில் புத்தாண்டு இரவு இந்த மீனின் பெரிய பொம்மையை உயரத்திலிருந்து இறக்கிக் கொண்டாடுகிறார்கள். அவ்வளவு பைத்தியம்.

"ஏன் மாப்பிள்ளை, நங்கூரம் போட்டு உட்கார்ந்தா கடிக்காதா?" என்றார் மாமனார். பாறைத் திட்டுப் பக்கம் கடிக்கும். ஆனால் 388 கிலோமீட்டர் நீள ஏரியின் திறந்த தண்ணீரில் இந்த மீன், பொடிமீன் கூட்டத்தின் பின்னால் அலைந்துகொண்டே இருக்கும். நாம்தான் தேடிப் போகவேண்டும். படகை மெல்ல ஓட்டி, பின்னால் தூண்டிலை இழுத்துக்கொண்டே போவதுதான் ட்ரோலிங். தூண்டில் நரம்பின் நுனியில் எதைக் கட்டுவது என்பதில்தான் சண்டை.

ஒரு கட்சி ஹார்னஸ். இரண்டு கொக்கி, சில வண்ண மணிகள், சுழலும் தகடு, கொக்கியில் பெரிய மண்புழு, முன்னால் ஈயம். மறு கட்சி கிராங்க்பெயிட். முன்னால் உதடு நீட்டிய பிளாஸ்டிக் மீன். இழுத்தால் அந்த உதடே அதைக் கீழே கொண்டுபோகும். தனியாகவோ நண்பர்களோடோ போனால் எனக்குக் கிராங்க்பெயிட்தான். ஏப்ரல், மே மாதங்களில் தண்ணீர் குளிர்ந்திருக்கும்போதும், இலையுதிர் காலத்தில் பெரிய மீன் தேடும்போதும் அதற்கு ஈடில்லை. மணிக்கு இரண்டு மைல் வாக்கில் ஓட்டலாம். நிறைய தண்ணீரை அலசிவிடலாம். கையில் புழு நாற்றமும் இல்லை.

ஆனால் என் படகில் ஏறுவது மனைவி, 11 வயது மகள், 7 வயது மகன், இந்த வருஷம் மாமனாரும். ஜூன் மாதம், வெதுவெதுப்பான தண்ணீர். அப்போது ஹார்னஸ்தான் என்பது என் கட்சி. அதற்குக் காரணம் வால்ஐ அல்ல, அதே ஏரியில் இருக்கும் ஷீப்ஹெட் என்ற இன்னொரு மீன். புழுவைக் கண்டால் ஷீப்ஹெட், வெள்ளைப் பெர்ச் என்று எல்லாமே பாயும். அனுபவசாலிகள் திட்டிக்கொண்டே கழற்றி விடுவார்கள். பையனுக்கோ ஐந்து பவுண்டு ஷீப்ஹெட் இழுக்கும் இழுப்புதான் திருவிழா. பிளாஸ்டிக் மீனைக் கட்டிவிட்டு ஒன்றரை மணி நேரம் ஒன்றும் கடிக்காமல் இருந்தால் அவன் "வீட்டுக்குப் போலாம்பா" என்று ஆரம்பிப்பான். புழுவிடம் அந்தப் பிரச்சினை இல்லை.

இன்னொன்று கொக்கி. கிராங்க்பெயிட்டில் மும்முனைக் கொக்கி பெரும்பாலும் இரண்டு இருக்கும், சிலதில் மூன்று. துள்ளும் மீனோடு அது வலையில் சிக்கினால் பிரித்தெடுக்கக் கால் மணி நேரம். போன வருஷம் அப்படி ஒன்று என் கட்டைவிரலில் ஏறியது. மகள் முகம் வெளுத்துவிட்டாள். ஹார்னஸில் ஒற்றைக் கொக்கிகள், குறட்டால் சுளுவாகக் கழற்றலாம்.

சரி, புழுக் கட்சியின் ஓட்டைகளையும் சொல்லவேண்டும். அதற்கு வேகம் மணிக்கு ஒன்று, ஒன்றரை மைல்தான். பின்காற்று அடித்தால் படகை அந்த வேகத்திலேயே வைத்திருப்பதே பாடு. கயிற்றில் வாளியைக் கட்டித் தண்ணீரில் இழுக்கவேண்டி வரும். வட அமெரிக்காவின் பெரிய ஏரிகள் ஐந்திலும் ஆழம் குறைந்தது ஈரிதான், அதனால் காற்று எழும்பினால் அலை குட்டையாக, நெருக்கமாக, செங்குத்தாக வரும். மெல்லப் போகும் படகு அதில் ஆடும் ஆட்டத்தில் என் மனைவிக்குக் குமட்டல் வந்துவிடும். கொஞ்சம் வேகமாகப் போனால் ஆட்டம் குறையும், அந்த வகையில் கிராங்க்பெயிட் தேவலை. அப்புறம், மீனை இழுக்கப் படகை நிறுத்தினால் ஈயம் கட்டிய ஹார்னஸ் நேராக அடியில் போய் உட்காரும். மிதக்கும் கிராங்க்பெயிட் மேலே வந்துவிடும். குழந்தைகளோடு போனால் நிறுத்தாமல் ஓட்டிய நாள் உண்டா?

நரம்பைப் படகுக்கு வெளியே விரித்துக் கொண்டுபோகும் பிளேனர் போர்டிலும் இரண்டு வகை. ஒவ்வொரு நரம்பிலும் கவ்வும் சின்னப் பலகை மலிவு. ஆனால் மீன் மாட்டியதும் பலகையையும் சேர்த்து இழுத்து, பாதி வழியில் பெரியவர் ஒருவர் கழற்றவேண்டும். கம்பம் நட்டு இரு பக்கமும் பெரிய பலகை விடும் ஏற்பாட்டில், மீன் கடித்ததும் நரம்பு கவ்வியிலிருந்து விடுபடும், பிள்ளை மீனை மட்டும் இழுக்கும். அது அருமைதான், ஆனால் 19 அடி படகில் கம்பம் நட்டால் உட்கார இடம் போய்விடும். நான் பக்கத்துக்கு இரண்டு சின்னப் பலகையோடு நிறுத்திக்கொள்கிறேன். ஐந்தாவது தூண்டில் கோல் பலகையே இல்லாமல் நேர் பின்னால், பையன் கையில். உதறலை நேரடியாக உணர அதுதான் வழி.

ஒஹாயோ பக்கத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு 6 வால்ஐ, 15 அங்குலத்துக்குக் குறைந்தால் திரும்ப விட்டுவிட வேண்டும். அளவுப் பட்டை மகளிடம். அரை அங்குலம்கூட விட்டுக்கொடுக்க மாட்டாள். 16 வயதுக்குக் கீழே உரிமம் வேண்டாம். மாமனாருக்கு ஒரு நாள் உரிமம் வாங்கினேன்.

அன்று மொத்தம் ஏழு வால்ஐ, பதினொரு ஷீப்ஹெட். ஒன்றை நான் தண்ணீரில் விடப்போனபோது மாமனார் கையைப் பிடித்துக்கொண்டார். தலையைத் தடவிப் பார்த்து, "இது நம்ம கத்தாழை இனம்ல? தலைக்குள்ள கல் இருக்குமே" என்றார். உண்மைதான், ஷீப்ஹெட்டும் கத்தாழைக் குடும்பம்தான். கரையில் ஒதுங்கும் அதன் காதுக் கற்களை அதிர்ஷ்டக் கல் என்று இங்கே பிள்ளைகள் பொறுக்குவார்கள். வால்ஐயை வறுத்தோம். ஷீப்ஹெட்டைப் புளி கூட்டிக் குழம்பு வைத்தது அவர்தான். இரண்டு கல்லும் இப்போது பையனின் பென்சில் டப்பாவில்.